எழுப்பினேன் என்று சொன்னேன்

செந்திலுக்கு,

நீ உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். இரவு வேலை முடிந்து, காலை எட்டு மணிக்கு வேன் உன்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. இரண்டு இட்லி தின்றுவிட்டுப் படுத்தாய். இப்போது மதியம் ஒன்றரை. இதற்குள் மூன்று முறை நீ விழித்துக்கொண்டதைக் கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டேன். ஒருமுறை கும்மிடிப்பூண்டி வண்டி போனபோது, ஒருமுறை பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தியபோது, இன்னொரு முறை எந்தக் காரணமும் இல்லாமல். மூன்று முறையும் கட்டில் முனகியது, செல்போனை எடுத்து மணி பார்த்தாய், திரும்பிப் படுத்தாய். நானும் நான்கு முறை எழுந்து உன் கதவு வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்குள் நீ பயிற்சியில் சேர வேண்டும். சேரமாட்டேன், திங்கட்கிழமை என்னை எழுப்பாதே என்று சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். வாயால் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. திருத்தாமல் கிடக்கும் விடைத்தாள் கட்டை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நடந்ததை நீ பெரிதாக நினைத்திருக்கமாட்டாய். நீ ரயில்வே தேர்வு எழுதியதே எனக்குத் தெரியாது. கண் பரிசோதனை வரைக்கும் முடித்து, துணை ஓட்டுநர் பயிற்சிக்கு வரச்சொல்லித் தபால் வந்த பிறகுதான் தெரிந்தது. வந்த தபாலை டிவிக்கு மேல் வைத்துவிட்டு, அதை மின்சாரக் கட்டண ரசீது மாதிரி நடத்தினாய். ஏன் சேரப்போவதில்லை என்று கேட்டேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "அப்பா கடைசியா எழுப்பினப்பவே எழுந்திருக்காதவன்மா நான். என்னை நம்பி இன்ஜினைக் குடுக்கலாமா?" பிறகு, "ஆசைக்கு எழுதிப் பாத்தேன். பாஸ் ஆயிடுவேன்னு நினைக்கல" என்றாய். வேன்காரன் மிஸ்டு கால் கொடுத்தான். போய்விட்டாய். என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. நீ போன பிறகு பார்த்தால், சரியான விடை ஒன்றின் குறுக்கே கோடு இழுத்து வைத்திருந்தேன்.

பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதும் நீண்ட கடிதங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எழுதுகிறவர் தன் வாழ்க்கையைத் துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பார். வாங்குகிறவர் அதை அலமாரியில் வைத்துவிடுவார். இது அப்படிப்பட்டதில்லை என்று சொல்லிக்கொள்ளவும் எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இதில் உனக்கு உரிமையான ஒன்று இருக்கிறது. அதை நான் பன்னிரண்டு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் வழக்கம்போல் ஆங்கில வகுப்பு எடுத்தேன். அந்த மாடி அறைக்கு நீ வந்ததில்லை. பள்ளி முடிந்து நான் அங்கே போய் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதுமில்லை. லாட்ஜில் வரவேற்பு மேசைக்குப் போகிறவர்கள், உன்னைப் போலக் கால் சென்டருக்குப் போக ஆசைப்படுகிறவர்கள், வெளிநாட்டில் வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற பெண்கள் என்று பதினைந்து பேர். அன்றைக்குப் பாடம் வேக் என்ற ஒரே ஒரு வினைச்சொல். எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் வேலைக்குப் போன முதல் நாளே தேவைப்படுகிற சொல். வேக் அப் என்றால் தானாகக் கண் விழிப்பதும் அதுதான், இன்னொருவரை எழுப்புவதும் அதுதான் என்று சொன்னேன். நேற்று நடந்ததற்கு வோக். லாட்ஜில் விருந்தாளி ஐந்து மணிக்கு எழுப்பச் சொன்னால் அது வேக்-அப் கால். ஏற்கெனவே விழித்திருப்பவரை அவேக் என்பார்கள். கண்ணைத் திறந்துகொண்டே நடப்பது தெரியாமல் இருக்கிறவனிடமும் வேக் அப் என்பார்கள். இதையெல்லாம் எழுதிப்போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன்.

காசிமேட்டிலிருந்து வரும் மேரி எழுந்தாள். அடுத்த மாதம் குவைத்துக்குப் போகிறாள், ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ள. நான் அவரை எழுப்பினேன், அவர் எழுந்திருக்கவில்லை என்பதை அப்படியே ஆங்கிலத்தில் அடுக்கிச் சொன்னாள். நான் தப்பு என்றேன். வோக் என்று சொல்லிவிட்டால் அவர் கண்ணைத் திறந்துவிட்டார் என்று பொருள். அவர் திறக்கவில்லையென்றால் எழுப்பிப் பார்த்தேன், முயன்றேன் என்றுதான் சொல்ல முடியும். மேரி உட்காரவில்லை.

"இன்னா மிஸ் அநியாயமா கீது. எய்ப்பறது என் வேல. எய்ந்துக்கறது அவன் வேல. அவன் எய்ந்துக்கலன்னா, நான் எய்ப்பவே இல்லன்னு ஆயிடுமா?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "வூட்டுக்காரர எய்ப்பி எய்ப்பி மேரியக்காவுக்கு இங்கிலீசே வெறுத்துப்போச்சு மிஸ்" என்றான். மேரி திரும்பிப் பார்க்காமலே, "அந்தாளு எய்ந்துக்கினு இருந்தா நான் ஏன்டா குவைத்து போறேன்" என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரிக்கத்தான் போனேன். சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தபடி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நம் பேச்சில் எழுப்பினேன் என்றால் அது என் கையைப் பற்றிய செய்தி மட்டும்தான். படுத்திருப்பவரைப் பற்றி அதில் உத்தரவாதம் எதுவும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் நான் இத்தனை வருடம் வசதியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. அதைவிட மோசம், மேரியாவது எழுப்பிப் பார்த்தவள்.

கொருக்குப்பேட்டைக் குவார்ட்டர்ஸ் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் தண்ணீர்த் தொட்டி. நாம் இருந்த வரிசையில் பாதி வீடுகள் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுடையவை. அவர்களுக்கு இரவு பகல் என்று எதுவும் கிடையாது, டூட்டி, ரெஸ்ட் இரண்டுதான். தாழ்ப்பாளில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் உள்ளே ஒருவர் டூட்டி முடித்து வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். கீரைக்காரி அந்த வாசலைத் தாண்டும் வரைக்கும் வாயைத் திறக்கமாட்டாள். நான் குக்கர் வைக்கமாட்டேன். நீ கேரம் காய்களை அடிக்காமல், விரலால் சத்தமில்லாமல் நகர்த்தி விளையாடக் கற்றுக்கொண்டாய். அந்த வரிசையில் தூக்கம்தான் பெரிய மனிதர். தூங்குகிறவரை எழுப்ப ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. அவர் ஏகாம்பரம்.

அவரைக் கால்பாய் என்பார்கள், டூட்டிக்குக் கூப்பிட வரும் பையன் என்று பொருள். பேர்தான் பாய், வயது அப்போதே ஐம்பதை நெருங்கியிருந்தது. வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது, சைக்கிளில் டார்ச்சும் ஒரு நீளமான நோட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுநர் வீட்டுக்கு வருவார். ஜன்னலைத் தட்டி எழுப்புவார், எந்த வண்டி, எத்தனை மணி என்று சொல்வார், நோட்டில் கையெழுத்து வாங்குவார். எழுந்து, புரிந்துகொண்டு, கையெழுத்தும் போட்டால்தான் எழுப்பியதாகக் கணக்கு. ஒருமுறை அப்பா தூக்கக் கலக்கத்தில் உம் கொட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தபோது அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. "உம்முன்னா ஆவாது டைவரு சார். கண்ணத் தொறந்து என் மூஞ்சியப் பாரு. அப்பாலதான் நான் போவேன்" என்றார். தான் எழுப்பி எழுந்திருக்காதவன் அந்த லைனிலேயே ஒருத்தன் இல்லை என்பது அவர் பெருமை.

அப்பாவுக்கு உன்னை எழுப்புவதில் ஒரு வழக்கம் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், உலுக்கமாட்டார். காலடியில் உட்கார்ந்து உன் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நீ கண்ணைத் திறந்து, அவர் யூனிஃபார்மைப் பார்த்து, "எந்த ஊர்ப்பா?" என்பாய். கூடூர் என்பார், அரக்கோணம் என்பார். பத்து நிமிடம் இருவரும் ஏதோ குசுகுசுப்பீர்கள். பிறகு அவர் டூட்டிக்கு எடுத்துப்போகும் இரும்புப் பெட்டியை, அந்த லைன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். உனக்குத் தூக்கம் போய்விடும். ஆறரை வரைக்கும் கட்டிலில் புரண்டுவிட்டு, ஏழு மணிக்குக் கண் எரிச்சலோடு பள்ளிக்குப் போகமாட்டேன் என்பாய். அதற்குப் பிறகு உன்னை இழுப்பது, குளிப்பாட்டுவது, அதட்டுவது, பேருந்தில் ஏற்றுவது எல்லாம் என் பங்கு. பிறகு நான் ஓடிப்போய் என் வகுப்பில் நிற்க வேண்டும். பத்து நிமிடப் பிரியம் அவருக்கு, மிச்ச நாள் முழுக்க எனக்கு. இதை நான் அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நல்ல வார்த்தைகளில் சொல்லவில்லை.

அந்த வருடம் உனக்குப் பதினோரு வயது. ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அப்பா முந்தைய நாள் காலை நீ பள்ளிக்குப் போன பிறகு வந்தார். தாழ்ப்பாளில் துணி கட்டினேன். சாயங்காலம் அவர் எழுந்திருந்தபோது நீ பள்ளியிலிருந்து நேராக டியூஷனுக்குப் போயிருந்தாய். விடியற்காலையில் டூட்டிக்குக் கால் வரும் என்று அவர் ஏழரைக்கே படுத்துவிட்டார். எட்டு மணிக்கு நீ வந்தாய். துணியைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து சமையலறைக்கு வந்து, "அப்பா மூஞ்சியப் பாத்து ரெண்டு நாளாச்சும்மா" என்று என் காதில் சொன்னாய். நான் "உஷ்" என்றேன். ஒரே கூரையின் கீழ் நீங்கள் இருவரும் மாறி மாறித் தூங்கினீர்கள். நான்தான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏகாம்பரம் நாலரைக்கு வந்தார். ஆறரைக்குக் கூடூர் வண்டி. அப்பா எழுந்தார், குளித்தார், யூனிஃபார்ம் போட்டார். அன்றைக்கு ஜன்னல் வழியாக நோட்டை நீட்டியபோது பேனா எழுதவில்லை. விளக்கைப் போட்டால் நீ எழுந்துவிடுவாய் என்று நான் வீட்டில் பேனா தேடவில்லை. ஏகாம்பரம் வேறு பேனா வாங்கிவர அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து, வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் பின்னால் வந்த பேச்சு அவர் காதிலும் விழுந்தது. அன்றைக்கு என் மனசு ஏதோ சொன்னது, கண் துடித்தது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எதுவும் சொல்லவில்லை. மாவு புளித்துவிட்டதே, மதியத்துக்கு என்ன கட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா உன் கட்டில் பக்கம் போனார். நான் நடுவில் வந்து நின்றேன்.

"எழுப்பாதீங்க. இன்னிக்கு அவனுக்குக் கணக்குப் பரீட்சை."

"ஒரு நிமிஷம்மா. மூஞ்சியப் பாத்து ரெண்டு நாளாச்சு."

நீ சொன்ன அதே வார்த்தை. அது எனக்குக் கேட்டது. கேட்டும் சொன்னேன்: "பாவம், தூங்கட்டும். நீங்க பாட்டுக்கு எழுப்பி விட்டுட்டுப் போயிடுவீங்க. அப்புறம் யார் அவனோட மல்லுக்கட்டறது?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. "சரி, விடு. வந்து பாத்துக்கறேன்" என்றார். வாசலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். கிளம்பினார்.

உன் தூக்கத்துக்காகத்தான் தடுத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நான் ஜெயிக்க நினைத்தேன். ஒரே ஒரு காலை அவருடைய பத்து நிமிடம் அவருக்குக் கிடைக்காமல் போகட்டும், மிச்ச நாளின் பாரம் என்னவென்று தெரியட்டும் என்று நினைத்தேன். எம்.ஏ. படித்தவள், நியாயம் பேசுகிறவள் என்று அந்த வரிசையில் எனக்குப் பேர். இவ்வளவு சின்ன புத்தி எனக்குள் இருந்தது. கிளம்பும்போது அவர் லைன் பாக்ஸ் கதவில் இடித்துச் சத்தம் போட்டது. நீ புரண்டு படுத்தாய். எழுந்துவிடப் போகிறாயே என்று நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். நீ மறுபடி தூங்கிப்போனாய். செந்தில், அன்று அந்த வீட்டில் உன்மேல் பட்ட ஒரே கை உன்னைத் தூங்கவைக்கத்தான் பட்டது.

கூடூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஓய்வறையில் முகம் கழுவப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு. உன்னை எழுப்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதெல்லாம் இல்லை, அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு நிமிடம் கேட்டார். அது உனக்கும் அவருக்கும் உரியது. அதை நான் எடுத்துக்கொண்டேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அது சின்னதில்லை.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஏகாம்பரம்தான் வந்தார். முதல்முறையாகச் சைக்கிள் மணி அடிக்காமல், ஜன்னலைத் தட்டாமல், வாசலில் வந்து நின்றார். நீ பரீட்சை முடிந்து வந்து, எல்லாக் கணக்கும் சரி என்று கேள்வித்தாளை வைத்துக்கொண்டு எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நடந்தவை உனக்கே தெரியும். உனக்குத் தெரியாதது மூன்றாம் நாள் நடந்தது. இல்லை, அதுவும் உனக்குத் தெரியும். தப்பாகத் தெரியும். அறை நிறைய உறவுக்காரர்கள். ஏகாம்பரம் அப்பாவின் லைன் பாக்ஸைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார். நீ எல்லோர் முன்னாலும் கேட்டாய்: "அப்பா போறப்ப என்னை ஏம்மா எழுப்பல?"

இருபது முகங்கள் என் பக்கம் திரும்பின. நான் சொன்னேன்: "எழுப்பினோம்டா. நீ எழுந்திருக்கல."

அவ்வளவு சுலபமாக வந்தது. யாரோ ஒரு அத்தை, பாவம் பிள்ளை, கல் மாதிரி தூங்குவான் என்றாள். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். வாசலில் ஏகாம்பரம் நிமிர்ந்து என்னைப் பார்த்ததையும் பார்த்தேன். அவர் பாக்ஸை வைத்துவிட்டுப் போனார். கூட்டம் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூட்டம் போனது. காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருவொற்றியூருக்கு வரட்டும், பத்தாவது முடியட்டும், கல்லூரி முடியட்டும். நாள் போகப்போக, பொய் சொன்னதைவிட இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததைச் சொல்வதுதான் கஷ்டமாகிவிட்டது.

நீ என்ன ஆனாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மாதமே அலாரம் கடிகாரத்தைச் சத்தம் பெரிதாகக் கேட்க எவர்சில்வர் தட்டில் வைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாய். அது அடிப்பதற்கு முன்னால் எழுந்து அணைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கல்லூரி விடுதியில் உனக்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்தார்கள். அதை நீ சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய். யாரும் எழுப்பத் தேவையில்லாத வேலை என்று இரவு வேலையைத் தேர்ந்தெடுத்தாய். வேன்காரன் மிஸ்டு கால் கொடுப்பதற்குக் கால் மணி முன்னால் ஷூவோடு வாசலில் நிற்கிறாய். இதற்கெல்லாம் நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளியில் மற்ற பெற்றோர்களிடம், என் மகனை நான் ஒருநாளும் எழுப்பியதில்லை, தானே எழுந்துவிடுவான் என்று பெருமையாகச் சொன்னேன். வேக் என்ற அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் விழித்திருந்து காவல் காப்பது என்றும் ஒரு பொருள் இருந்தது. மேரியின் வகுப்பில் அதை நான் சொல்லவில்லை, லாட்ஜ் வேலைக்கு அது வேண்டியதில்லை. ஆனால் நீ இந்தப் பன்னிரண்டு வருடம் செய்துவருவது அதைத்தான். யாரோ மறுபடி வந்து எழுப்புவார்கள், இந்தத் தடவை தவறவிடக் கூடாது என்று காத்திருக்கிறாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் கொருக்குப்பேட்டை கேட்டில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார். கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிகிற வரைக்கும் என்னால் நகர முடியவில்லை. உன்னைப் பற்றி விசாரித்தார். நல்ல வேலையில் இருக்கிறான் என்றேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் ஆர்கிட்டயும் வாயத் தொறக்கல டீச்சரம்மா. அது உங்க வூட்டு விசயம். ஆனா ஒண்ணு. அந்தப் புள்ள என்ன ரோட்ல பாத்தா தலைய குனிஞ்சிக்கினு போவுது. டைவரு சார எய்ப்பின ஆளு, எய்ந்துக்காத நம்மள எப்டிப் பாப்பான்னு நெனச்சிக்கினு போவுதுபோல. அது இன்னா தப்பு பண்ணிச்சி?"

கேட் திறந்தது. நான் தண்டவாளத்தைத் தாண்டி வந்துவிட்டேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை மறந்துவிட்டேன் என்றோ, நேரம் கிடைக்கவில்லை என்றோ நான் சொன்னால் நம்பாதே.

எனவே இதைத் தெளிவாக எழுதுகிறேன். அப்பா உன்னை எழுப்பவில்லை. எழுப்ப வந்தவரை நான் தடுத்தேன். நானும் உன்னை எழுப்பவில்லை, எழுப்ப முயலவும் இல்லை. நீ எதையும் தூங்கித் தவறவிடவில்லை. அப்பா உன் விரலைத் தொட்டிருந்தால் நீ எழுந்திருப்பாய், எப்போதும் எழுந்தாய், ஒருமுறைகூடத் தவறியதில்லை. அது எனக்குத் தெரிந்ததால்தான் நடுவில் வந்து நின்றேன்.

இதைப் படித்துவிட்டு நீ நாளை போய்ச் சேர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த வேலையில் எனக்குப் பிரியம் கிடையாது, உனக்கே தெரியும். அது வீட்டிலிருக்கிறவர்களை நுனிக்காலில் நடக்கவைக்கிற வேலை. நீ அதை வேண்டாம் என்று சொல்ல நூறு நல்ல காரணம் இருக்கலாம். சம்பளம் பிடிக்கவில்லை என்று சொல், புழுதி பிடிக்கவில்லை என்று சொல், உன் அப்பா செத்த வேலை வேண்டாம் என்றுகூடச் சொல், ஒத்துக்கொள்கிறேன். கூப்பிட்டால் எழுந்திருக்காதவன் என்ற காரணத்தை மட்டும் சொல்லாதே. அது நான் செய்து உன் கையில் கொடுத்தது. அதை வைத்து நீ எதையும் முடிவு செய்யக் கூடாது.

நாளைக்கு உன் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள், பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவர் உன்னை எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்தால் எழுப்பு. ஒருவரை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று இன்னொருவர் ஆசைப்பட்டால் நடுவில் நிற்காதே. பாவம், தூங்கட்டும் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இரக்கமே கிடையாது. நம் வேலை குறையும், நம் இஷ்டம் நடக்கும், தூங்குகிறவர் தடுக்கவும் முடியாது. எனக்குத் தெரிந்த புத்திமதி இது ஒன்றுதான். இதையும் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். பன்னிரண்டு வருடத் தூக்கத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டால் என்னால் கொடுக்க முடியாது. பேசாமல் வீட்டை விட்டுப் போய்விடுவாயோ என்ற பயத்தில்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பயம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன் முகத்தைப் பார்க்காமல், நான் பள்ளிக்குப் போன பிறகு உன் கண்ணில் படுகிற மாதிரி இதைத் தலையணைக்கடியில் வைத்துவிடலாமா என்று யோசித்தேன். அப்படிச் செய்தால் நாளை மணி பத்தைத் தாண்டியிருக்கும். மறுபடியும் உனக்காக நான் முடிவு செய்ததாகிவிடும்.

நாலு பத்து. கட்டில் சத்தம் ஒரு மணி நேரமாகக் கேட்கவில்லை. இன்றைக்கு முதல்முறையாக நீ நன்றாகத் தூங்குகிறாய் போலிருக்கிறது. பாவம், தூங்கட்டும் என்று இப்போதும் மனசு சொல்கிறது. அதை நம்பவில்லை. வாசல் தாழ்ப்பாளில் காலையில் பழக்கத்தில் கட்டிய துணியை அவிழ்த்துவிட்டேன். கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வருகிறேன். உன் காலடியில் உட்கார்ந்து கட்டை விரலைப் பிடிக்கப்போகிறேன். நீ கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்க்கும் வரைக்கும் விடமாட்டேன்.

அம்மா